இரண்டு கோடுகளுக்குப் பிறகு

எனக்கு மவுஸ் பிடித்து வேலை செய்வது ஆகாது. அங்கே இழுத்து, இங்கே அமுக்கி, நாலு பெட்டியைத் திறந்து மூடி, கடைசியில் "நிச்சயமாகவா?" என்று கணினி ஒரு கேள்வி கேட்க, அதற்கும் ஆமாம் சொல்லி. ஒரு வரி அடித்தால் முடிகிற வேலைக்கு எதற்கு இத்தனை உபசாரம். கட்டளையை எழுத்தில் அடிக்கிற கறுப்புத் திரை அப்படி இல்லை. சரியாக அடித்தால் ஒன்றும் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். தப்பாக அடித்தால் மட்டும்தான் வாயைத் திறக்கும். எனக்கு அந்தக் குணம் பிடிக்கும்.

"மெயில் அனுப்ப ஆயிரம் வழி இருக்கே, இதை ஏம்மா கட்டிக்கிட்டு அழுதீங்க?" என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். நான் பதில் சொன்னேன். உங்கள் தட்டச்சர் அதில் பாதியை விழுங்கிவிட்டார். மீதிப் பாதியில் மூன்று பிழை. அதனால்தான் தாள் கேட்டேன் சார். நானே எழுதித் தருகிறேன். என் பெயரில் வருகிற காகிதம் சரியாக இருக்க வேண்டும்.

எங்கள் மையத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு முழுதாகப் புரியவில்லை என்று தோன்றியது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

நாற்பது வயது தாண்டிய பெண்கள் வருடத்துக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனைக்கு வருகிறார்கள். கீழ்த்தளத்தில் படம் எடுப்பார்கள். படம் வேறொரு கட்டடத்தில் இருக்கும் இரண்டு டாக்டர்களுக்குப் போகும். அவர்களுக்குப் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். எண்ணுக்குத்தான் அறிக்கை எழுதுவார்கள். அது இரண்டாம் தளத்தில் இருக்கும் என் கணினிக்கு வரும். எண்ணும் பெயரும் சேருகிற ஒரே இடம் என் மேசை.

படத்தில் ஒன்றும் இல்லையென்றால் டாக்டர்கள் அறிக்கை எழுதுவதில்லை. எண்ணுக்கு எதிரே ஒரு டிக், அவ்வளவுதான். ஏதாவது இருந்தால் இரண்டு பக்க அறிக்கை வரும். ஆனால் இரண்டு வகைக்கும் போகிற கடிதம் ஒன்றுதான். நாலே வரி. எனக்கு மனப்பாடம்.

"தங்கள் பரிசோதனை முடிவுற்றது. கவனிக்க வேண்டியது ஏதேனும் இருப்பின் அதன் விவரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இணைப்பு இல்லையெனில் அடுத்த ஆண்டு வந்தால் போதும். நன்றி."

இதை எழுதியவர் பதிவுப் பிரிவின் தலைவி. பயமுறுத்துகிற மாதிரி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது என்று ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினாராம். நல்ல கடிதம்தான். வருகிற பெண்களும் பழகிக்கொண்டார்கள். மெயில் வந்ததும் வாசகத்தைப் படிக்க மாட்டார்கள். விரலால் தள்ளித் தள்ளி அடிக்குப் போவார்கள். கீழே கோப்பு எதுவும் தொங்கவில்லையென்றால் ஒரு பெருமூச்சு. காத்திருப்பு அறையில் பேச்சே அதுதான். "உனக்கு இணைப்பு வந்துச்சா?" "இல்லப்பா. இந்த வருஷம் தப்பிச்சேன்."

நல்ல செய்தி கூட்டமாகப் போகும். பட்டியலைக் கொடுத்து ஒரு வரி அடித்தால் போதும், நான் டீ குடித்து முடிப்பதற்குள் இருநூறு பேருக்குப் போய்விடும். கெட்ட செய்தி அப்படிப் போகக் கூடாது என்பது அந்தத் தலைவி போட்ட விதி. ஒருத்தியின் அறிக்கை இன்னொருத்திக்குப் போய்விட்டால் என்ன ஆவது. அதனால் அதை ஒவ்வொன்றாக, கையால் அடிக்க வேண்டும். அடித்ததை வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டுத்தான் தட்ட வேண்டும்.

அந்த வரி இப்படி இருக்கும். முதலில் மெயில் அனுப்புகிற நிரலின் பெயர். பிறகு கடிதத்தின் தலைப்பு. பிறகு ஒரு சின்னக் கோடு, அதையொட்டி ஆங்கில ஏ, அதாவது இணை என்று பொருள். அடுத்து அறிக்கைக் கோப்பின் பெயர். அதற்கடுத்து இரண்டு கோடுகள். அதன் பிறகுதான் முகவரி. அந்த இரண்டு கோடுகளை மறந்தால் நிரல் முகவரியையும் ஒரு கோப்பு என்று நினைத்துத் தேடும், கிடைக்கவில்லை என்று கத்தும். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவருக்கு அது கடைசி வரை புரியவில்லை. நான் முதல் நாளே கண்டுபிடித்தேன். இணைப்புகள் முடிந்தன, இனி வருவது ஆள். அந்தக் கோடுகளுக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

தலைவியைப் பற்றி. ஐம்பத்திரண்டு வயது. முகத்துக்கு நேரே மேடம். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் 'சிவப்பு மை'. எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் சிவப்புப் பேனாவால் திருத்துவார். இயக்குநர் அனுப்பிய தீபாவளி வாழ்த்துச் சுற்றறிக்கையைக்கூடத் திருத்தி அவருக்கே திருப்பி அனுப்பியவர். நான் சேர்ந்த வாரம் எழுதிய முதல் கடிதத்தில் பதினொரு சிவப்பு வட்டம். அதை அறிவிப்புப் பலகையில் குத்தி, மேலே "புதியவர்கள் கவனத்திற்கு" என்று எழுதினார். என் பெயர் அதில் இல்லை. ஆனால் அந்த வருடம் புதியவர் என்று இருந்தது நான் ஒருத்திதான். எட்டு மாதம் தொங்கியது. குண்டூசி துருப்பிடித்துக் காகிதத்தில் பழுப்பு இறங்கிவிட்டது. இதற்காகக் கோபப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். அவர் எல்லோரையும் திருத்தினார். நான் நியாயமாகவே பேசுகிறேன்.

என் அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அம்மா ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் விரிப்புத் துவைக்கிறாள். நான் பட்டம் வாங்கி வந்த அன்று அப்பா அந்தக் காகிதத்தை இரண்டு ஓரத்தையும் விரல் நுனியால் பிடித்துக்கொண்டார், சூடான பாத்திரத்தை இறக்குவது போல. எங்கள் வீட்டில் முதல் பட்டம் அது.

மையத்தில் வேலை செய்கிறவர்களின் அம்மாக்களுக்குப் பரிசோதனை இலவசம். இரண்டு வருடத்துக்கு முன் என் அம்மாவைக் கூட்டிப் போனேன். அடுத்த வாரம் அவள் எண்ணுக்கு அறிக்கை வந்தது. அனுப்புகிறவள் அறிக்கையைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது விதி. நான் திறந்தேன். ஐயத்திற்குரிய நிழல் என்று இருந்தது. எழுந்து வெளியே ஓடப் போனேன். சிவப்பு மை கதவருகே நின்றிருந்தார்.

"எங்க ஓடுற?"

"எங்கம்மாவுக்கு வந்திருக்கு மேடம்."

"யாரு உன்னைத் திறக்கச் சொன்னது?"

"எங்கம்மா மேடம்."

"எல்லாருக்கும் அம்மா இருக்காங்க. உன் வேலை அனுப்புறது. படிக்கிறது இல்ல."

அந்த அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர் சொன்னதையே ஒரு தாளில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு அவரே போன் செய்து அடுத்த நாள் காலையே மறுபரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். தானும் வந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். வெறும் நீர்க்கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தது. அம்மா வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். "தங்கமான மனுஷிடி. பெத்த பொண்ணு மாதிரி உக்காந்திருந்தாங்க."

நான் வேறொன்றைக் கவனித்தேன். அவர் அம்மாவிடம் பேசும்போது ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார். "அம்மா. பயம். வேண்டாம். புரியுதா?" என் அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவள் தலையாட்டிச் சிரித்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்கும் கோபப்படவில்லை. கோபம் வந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. அதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

என்னை நிரந்தரமாக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு ஒரு பரிந்துரை போக வேண்டியிருந்தது. சிவப்பு மை அதை எழுதி, கோப்பாக்கி, அனுப்பச் சொல்லி என்னிடமே கொடுத்தார். திறக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவள் நான். திறந்தேன்.

"இவர் குடும்பத்தில் பள்ளி தாண்டியவர் எவரும் இல்லை. அதைக் கருத்தில் கொண்டு பார்க்கையில் இவரது பணி பாராட்டுக்குரியது. நிரந்தரப்படுத்தப் பரிந்துரைக்கிறேன்."

நான்கு முறை படித்தேன். ஒரு பிழை இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் மாதத்துக்கு இரண்டு கடிதத்தை மாற்றி அனுப்பியவர். அவர் அப்பா கல்லூரிப் பேராசிரியர். அதைக் கருத்தில் கொண்டு என்று அவருக்கு யாரும் எழுதவில்லை. அதுவரை நான் ஒரு எண்ணை மாற்றி அடித்ததில்லை. ஒன்றைக்கூட. அதைக் கருத்தில் கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு சின்னக் கோடு, ஏ, கோப்பு, இரண்டு கோடுகள், முகவரி. வாய்விட்டுப் படித்துவிட்டு அனுப்பினேன். மூன்று வாரத்தில் வேலை நிரந்தரமானது. அவரிடம் போய் நன்றி சொன்னேன். "எனக்கு எதுக்கு நன்றி? வேலையைப் பார். தேதிக்குப் பின்னாடி புள்ளி வைக்க மறக்காதே" என்றார்.

பிறகு ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பதின்மூன்று மாதத்துக்கு முன், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, சிவப்பு மையின் எண்ணுக்கு அறிக்கை வந்தது. முந்தின வாரம்தான் கீழே போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அவர் நடையே வேறு மாதிரி இருந்தது. "வந்துச்சா?" என்று என் மேசைப் பக்கம் மூன்று முறை கேட்டுவிட்டார். அறிக்கையைத் திறந்தேன். இடது பக்கம், அளவு, வடிவம் எல்லாம் போட்டு, ஒரு வாரத்துக்குள் வரவேண்டும் என்று இருந்தது. சின்னதுதான். இந்த அளவில் பிடித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் மூன்று வருடம் இருந்தால் யாருக்கும் தெரியும்.

நிரலின் பெயரை அடித்தேன். தலைப்பை அடித்தேன். அவர் முகவரியை அடித்தேன். இணைப்பு இல்லாத கடிதத்துக்கு இரண்டு கோடுகள் தேவையில்லை. வாய்விட்டுப் படித்தேன். தட்டினேன். திரை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனது.

அவர் மேசை என் மேசையிலிருந்து பன்னிரண்டு அடி. போன் சிணுங்கியது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கட்டைவிரல் மெதுவாகத் தள்ளிக்கொண்டே அடிக்குப் போனது. மறுபடி மேலே வந்து, மறுபடி அடிக்குப் போனது. பிறகு கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

எழுந்து என்னிடம் வந்தார். முதல் தடவையாகக் கையில் பேனா இல்லை.

"ஒண்ணும் இல்லடி. சுத்தமா இருக்கு."

அதுவரை என்னை டி போட்டதில்லை.

"சந்தோஷம் மேடம்."

"நீதானே அனுப்பின?"

"நான்தான் மேடம்."

"நல்ல கை உனக்கு" என்று கையில் ஒரு க்ரீம் பிஸ்கட்டை வைத்தார். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, இனி தைரியமாக டிக்கெட் போடலாம் என்றார். பிஸ்கட்டை அவர் எதிரிலேயே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

நான் எங்கும் ஒரு பொய்யும் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கடிதம் அவர் எழுதியது. 'இணைப்பு இல்லையெனில்' என்ற சொல் அவருடையது. நான் எதையும் செய்யவில்லை, ஒன்றைச் செய்யாமல் விட்டேன். பின்தொடர்தல் பதிவேட்டில் இரண்டு சொல் மட்டும் எழுத வேண்டியிருந்தது. இணைப்புப் போனவர்கள் ஒரு வாரத்தில் கூப்பிடவில்லையென்றால் பின்தொடர்தல் அக்கா அவர்களைத் தேடுவாள். அவளிடம் எண்கள் மட்டும்தான் இருக்கும், பெயருக்கு என்னிடம்தான் வர வேண்டும். அதனால் அந்த எண்ணுக்கு எதிரே 'வெளியே பார்க்கிறார்' என்று எழுதினேன். வேறு ஆஸ்பத்திரியில் காட்டுகிறார் என்று பொருள். அக்கா அதைப் பார்த்து, "வசதியான இடம் போல, நம்மகிட்ட எதுக்கு வரப்போறாங்க" என்று கட்டம் போட்டு மூடினாள். அவளை இதில் இழுக்காதீர்கள். எழுதியிருந்ததைப் படித்தாள், அவ்வளவுதான்.

அதன் பிறகு பன்னிரண்டு மாதம் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நான்காவது மாதம் கைப்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார். ஐந்தாவது மாதம் மகளிடம் போய்வந்து, பேத்தியின் படத்தை எல்லோருக்கும் காட்டினார். ஏழாவது மாதம் மேலலமாரியில் இருக்கும் கோப்பை எடுக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். பின்தொடர்தல் அக்கா கேட்டாள்.

"என்ன மேடம், கை தூக்க முடியலையா? ஒரு தடவை காட்டிடுங்களேன்."

"போன தடவைதான் பார்த்தாச்சே. இணைப்பே வரலை. இது வயசு."

"வயசுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே, அதுவே பெரிய விஷயம்."

இருவரும் சிரித்தார்கள். நான் பக்கத்தில் ஸ்டேப்ளருக்குப் பின் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று நான் யோசித்தேன் சார். மனசாட்சி இல்லாதவள் என்று நினைக்காதீர்கள். "மேடம், போன தடவை இணைப்பு விட்டுப்போச்சு" என்று ஒரு வரி சொன்னால் போதும். அவர் ஏதாவது திட்டியிருப்பார், மறுபடி ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார். ஆனால் பதிவில் அது என் தவறு என்று விழும். என் பெயரில் அதுவரை ஒரு தவறும் இல்லை. பின்னைப் போட்டு மூடிவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

பத்தாவது மாதம் இளைத்தார். கீழ்த்தளப் பெண்கள் சுற்றி நின்று, "என்ன ரகசியம் மேடம், எங்களுக்கும் சொல்லுங்க" என்றார்கள். "மாடிப்படி ஏறுறேன்பா" என்றார். முகத்தில் பெருமை.

போன மாதம் மறுபடி வருடப் பரிசோதனை. இந்த முறை அறிக்கை நான்கு பக்கம். அதை இணைப்போடு, இரண்டு கோடுகளோடு, நான்தான் அனுப்பினேன். நான் கொடூரமானவள் இல்லை. தெரிய வேண்டியது அவருக்குத் தெரியத்தான் வேண்டும்.

அரை மணி நேரம் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. வேறு யாராக இருந்தாலும் எலும்பு, கல்லீரல் என்று வருகிற வரியோடு படிப்பதை நிறுத்தியிருப்பார்கள். இவர் சிவப்பு மை. கடைசி வரி வரை படித்தார். அச்செடுத்து எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். மூன்றாம் பக்கத்தில் 'சென்ற ஆண்டு அறிக்கையில் குறிப்பிடப்பட்டதைவிட' என்று ஒரு வாக்கியம். 'சென்ற ஆண்டு அறிக்கை' என்பதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். வட்டம் கோணலாக இருந்தது.

"எது?" என்று கேட்டார்.

அது ஒன்றைத்தான் கேட்டார்.

மீதி உங்களுக்குத் தெரியும். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பழைய பதிவுகளை எடுத்தார். போன ஒவ்வொரு மெயிலின் எடையும் அதில் இருக்கும். அறிக்கையோடு போனது கனமாக இருக்கும், வெறும் கடிதம் இலேசாக இருக்கும். அவர் கெட்டிக்காரர். சிவப்பு மையோடு நிறுத்தாமல், அறிக்கை எழுதப்பட்ட எல்லா எண்களையும் எடுத்து, அதற்குப் போன மெயில்களின் எடையோடு பொருத்திப் பார்த்தார். அப்படித்தான் நேற்று நீங்கள் என் முன்னால் வைத்த பட்டியல் வந்தது. ஐந்து பேர்.

அதில் முதல் இருவர் ஒரு தையல்காரப் பெண்மணி, ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். நான் அவர்களைப் பார்த்ததில்லை. அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒரு வரியில் இணைப்பை விட்டுவிட்டால் யாராவது வந்து கேட்பார்களா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒருமுறை கேட்கவில்லையென்றால் அது தற்செயலாக இருக்கலாம். எதையும் ஒருமுறை மட்டும் சோதித்துவிட்டுச் சரி என்று சொல்லக் கூடாது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னபோது உங்கள் தட்டச்சர் தட்டுவதை நிறுத்திவிட்டார். அவர் தொழிலுக்கு அது அழகில்லை.

அப்போது நீங்கள் பட்டியலில் கடைசி இரண்டு எண்களில் விரலை வைத்தீர்கள்.

"ஒத்திகைன்னா முன்னாடி நடக்கணும். இந்த ரெண்டும் அந்தம்மாவுக்கு அப்புறம் தேதிம்மா."

நேற்று அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இரவு முழுக்க யோசித்தேன் என்று எழுத மாட்டேன், நன்றாகவே தூங்கினேன். காலையில் யோசித்தேன். அந்த இருவரில் ஒருவர் படிவத்தில் தன் பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம் போட்டிருந்தார். ஒரு வகையில் அதற்குக் காரணம் சொல்லிவிடலாம். இன்னொரு படிவத்தில் கையெழுத்து இடத்தில் பெருவிரல் ரேகை இருந்தது. வேலை என்ற கட்டத்தில் 'துணி துவைத்தல்'. முகவரிக்கு மகளின் மெயிலைக் கொடுத்திருந்தார். மகளின் பெயருக்குப் பின்னால் பட்டம், புத்தம் புதியது, அடைப்புக்குறி எல்லாம் போட்டு.

அன்று அவசரமாக இருந்தேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன். அன்று அவசரம் எதுவும் இல்லை. திங்கட்கிழமை, மூன்று அறிக்கைகள்தான். மற்ற இரண்டையும் சரியாக அனுப்பினேன். இதற்குப் பதில் கிடைத்ததும் தனித்தாளில் தருகிறேன். இப்போதைக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

இன்னொன்று. உங்கள் பட்டியல் தவறு. ஐந்து இல்லை, ஏழு. சர்வரில் பதிவுகள் பதினான்கு மாதம்தான் நிற்கும், அதற்கு முந்தியவை தானாக அழிந்துவிடும். அண்ணனுக்கு அவை கிடைத்திருக்காது. என் வேலை நிரந்தரமான அடுத்த மாதம் ஒன்று, அதற்கடுத்த மாதம் ஒன்று. எண் 3318, எண் 3402. பட்டியல் என்று ஒன்று போட்டால் அது முழுதாக இருக்க வேண்டும். அவர்களைத் தேடிக் கூப்பிடுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. என் வேலை அனுப்புவது.

சிவப்பு மை இப்போது வீட்டோடு படுக்கை. அம்மா வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போகிறாள். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே போகிறாள். குளிப்பாட்டி விடுகிறாள், தலை வாருகிறாள், துணியெல்லாம் கசக்கிப் போடுகிறாள். முந்தாநாள் வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"போன வருஷமே தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பாங்களாம்டி. யாரோ அதை அனுப்பாம அமுக்கிட்டாங்களாம். அந்தக் கை அழுகிப் போகணும்."

"சரிம்மா. கையை நல்லாத் தேய்ச்சுக் கழுவு" என்று சோப்பை எடுத்துக் கொடுத்தேன்.

அவளுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் ஆள் அனுப்பிச் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்ல வேண்டாம். அவளுக்குக் காது கேட்கும்.

இன்று காலை நீங்கள் அவரைப் பார்த்துவிட்டு வந்து ஒரு செய்தி சொன்னீர்கள். அவர் உங்களிடம், "அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. கை தவறி விட்டுப்போச்சா? அப்படின்னா அதை அப்படியே எழுதிக்கங்க, பாவம், சின்னப் பொண்ணு, கஷ்டப்பட்டு மேல வந்தது" என்றாராம். நீங்களும் என் முகத்தைப் பார்த்தீர்கள். ஆமாம் என்று தலையாட்டினால் அவர் விஷயத்தில் மட்டுமாவது என் சுமை குறையும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். கை தவறவில்லை. அறிக்கையைத் திறந்தேன், படித்தேன், புரிந்துகொண்டேன், இணைக்காமல் அனுப்பினேன். ஏழு முறையும் அப்படித்தான். என் பெயரில் தவறு என்ற சொல் வரக் கூடாது. இந்தத் தாளையும் அவரிடம் காட்டுங்கள். படிக்கிற தெம்பு இருந்தால் படிக்கட்டும், சிவப்புப் பேனாவும் கையில் இருக்கட்டும். ஒரு வட்டம்கூடப் போட முடியாது.

தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்பினால் கடைசியில் எழுதலாம் என்றீர்கள். ஒன்றே ஒன்று. எங்கள் குடும்பத்தில் பள்ளி தாண்டியவர் என்னைத் தவிர எவரும் இல்லை. அதைக் கருத்தில் கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.